"படியில் விழுந்திட்டன் மிஸ்"

வீட்டில் அடிபட்டு வரும் பெண்ணுக்கு நாம் முதலில் செய்ய வேண்டியது காயத்துக்கு மருந்து கட்டுவது அல்ல, கூட வந்த ஆளை வெளியே அனுப்புவது. உயிருக்கு ஆபத்தான காயம் என்றால் விசயம் வேறு. மற்றபடி இதுதான் முதல் வேலை. இதை எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. திருகோணமலைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அவசர சிகிச்சைப் பிரிவிலும் பெண்கள் வாட்டிலும் தாதியாகப் பல வருசம் நின்று, பிழை விட்டு விட்டுத்தான் படித்தேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிமாரும் தம்பிமாரும் அதே பிழைகளை விட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெளியே அனுப்புவதிலும் ஒரு முறை இருக்கிறது. "தனியக் கதைக்க வேணும், நீங்கள் வெளியில நில்லுங்கோ" என்று கணவனிடம் சொன்னால் அவனுக்கு உடனே பொறி தட்டும், வீட்டுக்குப் போனதும் "அவளிட்ட என்னடி சொன்னனீ" என்று அடுத்த அடி விழும். அதனால் அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். "ஐயா, இந்தத் துண்டைக் கொண்டுபோய்ப் பதியிற இடத்தில குடுத்திட்டு வாங்கோ." அல்லது, "சலம் எடுக்க வேணும், அக்காவை நான் பாத்றூமுக்குக் கூட்டிக்கொண்டு போறன்." பாத்றூமுக்குள் எந்தக் கணவனும் வரமாட்டான். மாமியார் வந்தாலும், பெத்த தாய் வந்தாலும், பக்கத்து வீட்டு ராத்தா வந்தாலும் இதே விதிதான். பெத்த தாயை ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்பீர்கள். "பொறுத்துப் போ பிள்ளை" என்று சொல்லிக்கொடுத்தவ சில நேரம் அந்தத் தாய்தான், அவவுக்கு முன்னால் மகள் வாய் திறக்கமாட்டாள். கதைக்கத் தெரிந்த வயதுப் பிள்ளை மடியில் இருந்தாலும் கவனம், அது வீட்டில் போய் அப்படியே ஒப்புவித்துவிடும்.

அப்புறம், கட்டிலைச் சுற்றி இழுக்கிற திரைச்சீலை சுவர் இல்லை. நம்முடையது சின்ன ஊர். பக்கத்துக் கட்டில் ஆச்சியைப் பார்க்க வந்தவர் உப்புவெளியோ நிலாவெளியோ, இவளுடைய கதை பஸ்ஸுக்கு முன்னமே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். மருந்து கட்டும் அறையோ, துணி அடுக்கும் அறையோ, கதவு சாத்தக்கூடிய ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கதவுப் பக்கம் அவள் இருக்கட்டும், நீங்கள் உள்பக்கம் இருங்கள். அடைபட்ட மாதிரி அவளுக்கு இருக்கக்கூடாது.

கேட்கிற விதம்

"படியில் விழுந்திட்டன் மிஸ்." "கிணத்தடியில சறுக்கிட்டுது." "மாடு இடிச்சுப் போட்டுது." இதைக் கேட்டதும் வாதாடப் போகாதீர்கள். ஆனால் கண்ணை வேலை செய்ய விடுங்கள். விழுகிற ஆள் கையை ஊன்றித்தான் விழும், உள்ளங்கை, முழங்கால், நாடி உரசும். அடியைத் தடுக்கிற ஆளுக்கு முன்கையின் வெளிப்பக்கம் கன்றும். பிடித்து உலுப்பினால் மேல்கையின் உட்பக்கத்தில் விரல் அடையாளம் இருக்கும். காதுக்குப் பின்னால், கழுத்தில், மார்பில், வயிற்றில் படியில் விழுந்து காயம் வருவது அபூர்வம். சொன்ன கதையும் காயமும் பொருந்தாமல் இருப்பது, காயம் நடந்து இரண்டு மூன்று நாள் கழித்து வருவது, ஒரே ஆள் தலையிடி, நெஞ்செரிவு, அடிவயிற்று நோ என்று மாறி மாறி வருவது, இவையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. அலரி விதை சாப்பிட்டு வருகிற, பனடோல் கார்டை ஒரேயடியாய் விழுங்கி வருகிற பெண்ணை "சும்மா கோபத்தில செய்திருக்கு" என்று ஒதுக்காதீர்கள். இதயத் துடிப்பைக் கவனிக்கிற அதே நேரம் வீட்டில் என்ன நடக்கிறது என்றும் ஒரு தரம் கேளுங்கள்.

நான் கேட்பது இப்படி: "இந்த மாதிரிக் காயத்தோட கன பேர் வருவினம் அக்கா, சில பேருக்கு வீட்டில ஆரும் அடிச்சு வந்திருக்கும், உங்களுக்கும் அப்படி ஏதும் நடந்ததோ?" அவள் இல்லை என்றால் சரி. "எப்ப கதைக்க வேணும் எண்டு நினைச்சாலும் வாங்கோ, நான் இல்லாட்டி இங்க நிக்கிற மிஸ்ஸைக் கேளுங்கோ" என்று மட்டும் சொல்லி, காயத்தை ஒழுங்காகப் பாருங்கள். மூன்றாம் தரம் வரும்போதுதான் சொன்ன பெண்கள் எனக்குத் தெரியும். முதல் இரண்டு தரமும் நாம் எப்படி நடந்தோம் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கேட்கக் கூடாத சொல் ஒன்று உண்டு: ஏன். ஏன் அந்த நேரம் தனியப் போனாய், ஏன் இவ்வளவு நாள் பொறுத்தாய், ஏன் கத்தவில்லை. நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். நல்ல மனதோடுதான் கேட்டேன், ஆனால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை, அடுத்த நாள் சொல்லாமல் கொள்ளாமல் வாட்டை விட்டுப் போய்விட்டது. பயத்தில் உடம்பு மரத்துப்போய்க் குரலே வராமல் போவது பலருக்கும் நடக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. உலக சுகாதார நிறுவனம் இந்த முதல் உதவியை ஐந்து வேலையாகச் சொல்கிறது: காது கொடுத்துக் கேட்பது, தேவை என்ன என்று விசாரிப்பது, நம்புவதைக் காட்டுவது, பாதுகாப்பைப் பார்ப்பது, துணை சேர்த்துவிடுவது. நமக்கு மூன்றாவதுதான் சிரமம். "இது உங்கட பிழை இல்லை" என்ற வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும், தலையாட்டினால் போதாது.

கழுத்து

இதை மட்டும் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் அதிகம் தவறிப்போவது இதுதான். கழுத்தை நெரித்தால் வெளியில் அடையாளம் இருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே இரத்தக் குழாயின் சுவர் கிழிந்திருந்தாலும் தெரியாது. அதனால் நேரடியாகக் கேளுங்கள்: "கழுத்தில கை வைச்சவரோ? துணியால இறுக்கினவரோ?" குரல் கரகரப்பு, விழுங்க நோவது, மூச்சு இழுப்பது, கண் வெள்ளையில் அல்லது இமைக்குள் சிவப்புப் புள்ளி, நினைவு தப்பியது, தன்னை அறியாமல் சலம் போனது, இதில் எது இருந்தாலும் டொக்டருக்கு உடனே சொல்லுங்கள், அவதானிப்பில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வீக்கம் பல மணி நேரம் கழித்து வரலாம், பக்கவாதம் நாள் கழித்தும் வரலாம். இன்னொன்று, ஒரு தரம் கழுத்தை நெரித்தவன் பிறகு கொல்லக்கூடியவன். இது என் ஊகம் இல்லை, இந்தத் துறையில் பல நாட்டு ஆய்வுகளும் சொல்வது. கர்ப்பிணி என்றால் வயிற்றில் உதை விழுந்ததா என்று கேட்டு, வெளியில் இரத்தம் வராவிட்டாலும் மகப்பேற்று வைத்தியரிடம் காட்டாமல் அனுப்பாதீர்கள். நச்சுக்கொடி உள்ளே பிரிந்திருந்தால் வெளியில் தெரியாமலும் இருக்கும்.

பாலியல் வன்முறை என்றால் மணிக்கூட்டைப் பாருங்கள்

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது, 28 நாள் தொடர்ந்து எடுக்க வேண்டும். அவசர கருத்தடைக்கு லெவோநோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் ஒரே தரம், 5 நாள் வரை கொடுக்கலாம், நாள் போகப் போகப் பலன் குறையும். அதே 5 நாளுக்குள் கருப்பைக்குள் வைக்கிற செப்பு லூப்பும் போடலாம், அது இன்னும் நிச்சயமானது. நம் நாட்டில் தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் மட்டும்தான் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, வல்லுறவால் வந்த கர்ப்பத்துக்குக்கூட இல்லை. அதனால் இந்த ஒரு குளிசை தவறினால் பிறகு எவரும் சரிசெய்ய முடியாது. "இது கருவை அழிக்கிற மருந்தோ?" என்று பயந்து கேட்பார்கள். இல்லை, முட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுகிறது, ஏற்கெனவே தங்கிய கருவை அது ஒன்றும் செய்யாது என்று விளக்குங்கள். குடித்து இரண்டு மூன்று மணிக்குள் சத்தி எடுத்தால் திரும்பக் கொடுக்க வேண்டும், ஆகவே சத்திக்கான மருந்தை முதலே கேட்டு வாங்குங்கள். ஈரல் அழற்சி பி தடுப்பூசி, ஏற்பு ஊசி, பாலியல் நோய்களுக்கான அன்டிபயோட்டிக், இவற்றை எழுதுவது டொக்டர்தான், ஆனால் வரிசையில் எது விடுபட்டது என்று நினைவூட்டுவது நம் வேலை. அந்த அன்டிபயோட்டிக்கில் ஒன்றான மெட்ரொனிடசோலைக் கொஞ்சம் பிந்திச் சாப்பாட்டோடு கொடுத்தால் வயிறு தாங்கும்.

வெருகலிலிருந்தோ குச்சவெளிக்கு அப்பாலிருந்தோ வருகிறவளுக்கு இந்த 72 மணியில் பாதிக்கு மேல் வந்து சேரும் முன்னமே கரைந்திருக்கும். முதல் நாள் அழுகை, இரண்டாம் நாள் யாருக்குச் சொல்வது என்ற யோசனை, மூன்றாம் நாள்தான் பஸ். கிராமத்து ஆஸ்பத்திரியில் நிற்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், "நாளைக்குக் காலம்பற திருகோணமலைக்குப் போங்கோ" என்று துண்டு எழுதிக் கொடுக்காதீர்கள். உங்களிடம் உள்ளதைக் கொடுத்து, மேலே போன் எடுத்துச் சொல்லி, அம்புலன்ஸில் அனுப்புங்கள். பொலிஸ் முறைப்பாடு போட்டுவிட்டுத்தான் மருந்து என்று சொல்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். அப்படி ஒரு விதி இல்லை. மருந்து எதற்காகவும் காத்திருக்கக் கூடாது.

இனிச் சான்று. சட்ட வைத்திய அதிகாரி, அதாவது நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுகிற டொக்டர், பார்க்கும் வரை அவளைக் கழுவ விடாதீர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் "கழுவாதே" என்று கட்டளை போடாமல் காரணத்தைச் சொல்லுங்கள், ஏனென்றால் அவளுக்கு அந்த நேரம் வேண்டியது ஒரு வாளித் தண்ணீர்தான். வாய் வழியாக நடந்திருந்தால் தேத்தண்ணி கொடுக்கும் முன்னம் வாயில் சுவாப் (பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுக்கிற மாதிரி) எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மயக்க மருந்து கொடுத்த சந்தேகம் இருந்தால் முதல் சலத்தைப் பிடித்து வையுங்கள். அவள் ஏற்கெனவே குளித்துவிட்டாள் என்றால் "எல்லாம் போச்சு" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். உடுப்பில் இருக்கலாம், காயத்தில் இருக்கலாம், சில நாள் கழித்தும் சுவாப்பில் வரலாம்.

உடுப்பு விசயத்தில் என் சொந்தப் பிழை ஒன்று. அந்தக் காலம் நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரியில், ஒரு பிள்ளையின் உடுப்பை எல்லாம் ஒன்றாகச் சுருட்டிச் சொப்பிங் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு வைத்தேன். நம் ஊர்ப் புழுக்கம் தெரியும்தானே, இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அந்த மணம் இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. பொலித்தீன் வேண்டவே வேண்டாம். நிலத்தில் சுத்தமான பேப்பர் விரித்து, அதன் மேல் நின்று அவளாகவே கழற்றட்டும். ஒவ்வொரு உடுப்பும் தனித்தனிப் பேப்பர் பையில், ஈரமென்றால் நிழலில் காய்ந்த பிறகு. அந்தப் பேப்பரையும் மடித்து வையுங்கள், அதில் மயிர், மண், புல் விழுந்திருக்கும். கிழிசல் வழியாகக் கத்தரிக்காதீர்கள். அணிந்திருந்த பேட்டும் சான்றுதான். பையில் பெயர், திகதி, நேரம், எடுத்தவர், வாங்கியவர், இரண்டு கையெழுத்து. மேசையில் ஐந்து நிமிடம் ஆளில்லாமல் கிடந்த பையைப் பற்றி மூன்று வருடம் கழித்து ஒரு வக்கீல் உங்களைக் கேட்பார்.

உடுப்பை எடுத்துக்கொண்டால் அவள் எதை உடுத்துவது? இதை யாரும் யோசிப்பதில்லை. ஒரு சோட்டி, உள்ளாடை, பாட்டா செருப்பு, பேட், ஒரு பருத்திச் சால்வை, இவற்றை ஒரு பெட்டியில் வாட்டில் எப்போதும் வையுங்கள். மூதூர், கிண்ணியாப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தியின் முந்தானையைச் சான்றென்று வாங்கிவிட்டுத் தலை மூட ஒன்றும் கொடுக்காமல் நடைபாதையில் இருத்தி வைத்திருந்ததைப் பார்த்தேன். அன்றைக்குப் பிறகு என் பெட்டியில் இரண்டு சால்வை.

சொல்லும் எழுத்தும்

நம் மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று மூன்று சனமும் ஒரே வரிசையில் நிற்கிறது, டொக்டருக்குத் தமிழ் வராத நாளும் உண்டு, அப்போது நாம்தான் மொழிபெயர்ப்பு. கணவனையோ பிள்ளையையோ அதற்குக் கூப்பிடாதீர்கள். நாம் செய்யும்போது நாகரிகம் பார்க்கக் கூடாது. "பிழையா நடந்திட்டார்" என்று அவள் சொன்னால் எது என்று மெதுவாகக் கேட்டுத் தெளிந்துகொண்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே சொல்லுங்கள். "கெடுத்திட்டான்" என்ற சொல்லை அவள் பாவித்தாலும் நாம் திருப்பிப் பாவிக்க வேண்டாம், கெட்டுப்போனது அவள் இல்லையே. பொலிஸில் வாக்குமூலத்தைத் தமிழில் பதியச் சொல்லிக் கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது, விளங்காத மொழியில் கையெழுத்து வைக்க வேண்டாம் என்றும் சொல்லி விடுங்கள்.

எழுதும்போது அவள் வாயிலிருந்து வந்த வசனத்தை மேற்கோளுக்குள் எழுதுங்கள். காயத்தை இடம், அளவு சென்டிமீட்டரில், வடிவம், நிறம் என்று எழுதுங்கள். நிறத்தை வைத்து எத்தனை நாள் காயம் என்று கணக்குச் சொல்ல வேண்டாம், அது நம்பக்கூடிய கணக்கு இல்லை. "வல்லுறவு நடக்கவில்லை" என்று எழுதுகிற அதிகாரம் நமக்கு இல்லை, அது நீதிமன்றத்தின் வேலை. காயமே இல்லாவிட்டாலும் நம் தண்டனைச் சட்டக்கோவைப்படி சம்மதம் இருந்தது என்று ஆகாது. விரல் விட்டுப் பார்க்கிற சோதனைக்கு மருத்துவப் பெறுமதி எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வும் 2018 இல் சேர்ந்தே சொல்லிவிட்டன, "கன்னித்தன்மை" என்ற சொல் நம் குறிப்பில் வரவே கூடாது. ஒவ்வொரு தொடுகைக்கும் முன்னம் கேளுங்கள், "போதும்" என்றால் கையை எடுங்கள். நடுவில் நிறுத்தலாம் என்று தெரிந்த பெண்தான் கடைசி வரை இருக்கிறாள்.

பொலிஸ் பற்றிப் பொய் வாக்குக் கொடுக்க வேண்டாம். ஆஸ்பத்திரிப் பொலிஸுக்குத் தகவல் போகக்கூடும் என்றால் அவள் கதையைத் தொடங்கும் முன்னமே சொல்லிவிடுங்கள். பாதிக்கப்பட்டவர் பிள்ளை என்றால் "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்ற வசனமே வேண்டாம், பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கதையைக் கேட்கவும் வேண்டாம், சிறுவர் வைத்தியரும் சட்ட வைத்திய அதிகாரியும் பார்க்கட்டும், சிறுவர் உதவி இலக்கம் 1929. ஆண்களும் பையன்களும் வருவார்கள், கூச்சத்தில் "மூலம்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கும் கருத்தடை தவிர எல்லாம் இதேதான்.

வீட்டுக்கு அனுப்பும் முன்னம்

நான்கு கேள்வி கேளுங்கள். அண்மையில் அடி கூடியிருக்கிறதா, கத்தியோ வேறு ஆயுதமோ எடுத்தவனா, கழுத்தில் கை வைத்தவனா, அவன் கொன்றுவிடுவான் என்று உங்களுக்கே பயம் இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு அவள் ஆம் என்றால் நம்புங்கள், அவனை நம்மை விட அவளுக்குத் தெரியும். அப்படியானால் டொக்டரிடம் சொல்லி வாட்டில் மறியுங்கள். பின்னேரம் கடைசி பஸ்ஸுக்கு டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி அனுப்புவதைப் போல் ஆபத்து வேறில்லை. போன் எடுத்து "அவ அங்கயோ இருக்கிறா?" என்று கேட்கிறவருக்குப் பதில் இல்லை, வாசலில் நிற்கிறவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அவளுக்காகப் பொலிஸாரும் கேட்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை, பிறகு முழுக் கட்டளை 12 மாதம் வரை. அவனை வீட்டுக்குள் வராதே என்று தடுக்க முடியும். விவாகரத்து எடுக்க வேண்டும் என்பதில்லை, இதைத் தெரியாமல்தான் பல பேர் பயப்படுகிறார்கள். பெண்கள் உதவி இலக்கம் 1938, அவசரப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே "மித்துரு பியச" நடக்கிறது, நம் பக்கம் "நட்பு நிலையம்" என்பார்கள், பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணையாளரும் இருக்கிறார்கள். துண்டில் எழுதிக் கையில் திணிக்காதீர்கள், அவன் சட்டைப்பை வரை பார்ப்பவன். 1938ஐ மனதில் வைக்கச் சொல்லுங்கள், எடுத்த பிறகு போனில் அழிக்கவும் சொல்லுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், நகை, பஸ்ஸுக்குக் கொஞ்சக் காசு, இவற்றை நம்பிக்கையான ஒரு வீட்டில் முன்னமே வைக்கலாம். ஆனால் "விட்டிட்டு வா" என்று நாம் சொல்லக்கூடாது. விட்டு வெளியேறுகிற நேரம்தான் ஆபத்து ஆகக் கூடியது, எப்போது என்று அவள்தான் தீர்மானிக்க வேண்டும்.

திரும்ப வரச் சொல்லும் நாட்களைக் கவனமாகச் சேருங்கள். இரண்டு கிழமையில் காயம், கர்ப்பப் பரிசோதனை. ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் தடுப்பூசி. இடையில் எச்.ஐ.வி., சிபிலிஸ் இரத்தப் பரிசோதனை. வெருகல்காரிக்கு இத்தனை தரம் பஸ்ஸேறக் காரணம் சொல்ல முடியாது, எனவே பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தோடு கதைத்து இரண்டு மூன்றை ஒரே நாளில் போடுங்கள். ஊர்க் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்வதானால் அவளைக் கேட்ட பிறகு மட்டும். கார்டில் "கிளினிக்" என்ற ஒரு சொல்லும் திகதியும் போதும், மற்றது எல்லாம் நம் பதிவேட்டில் இருக்கட்டும், அந்தப் பதிவேடு பூட்டிய லாச்சிக்குள் இருக்கட்டும், லாச்சித் திறப்பு மேசைக்கு மேல் கிடக்க வேண்டாம்.